குவிலன் எத்தனை சிலாவிகளை மெருட்டினான்?

“குவிலன் நேற்று தம்புரிக்குப் போய் இரண்டு சிலாவிகளை மெருட்டினான். அதைக் கண்ட கொளவி நமிர்ந்தாள்.”

இந்த இரண்டு வரிகளில் பாதிச் சொற்களுக்குப் பொருளே கிடையாது. இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியவை அவை. ஆனாலும் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்லிவிடலாம். குவிலன் எங்கே போனான்? தம்புரிக்கு. எத்தனை சிலாவிகளை மெருட்டினான்? இரண்டு. நமிர்ந்தது யார்? கொளவி. ‘கு’ உருபு போன இடத்தைச் சொல்லிவிடுகிறது, ‘ஐ’ உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது, ‘ஆன்’, ‘ஆள்’ விகுதிகள் யார் என்று பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. மூன்றுக்கு மூன்று மதிப்பெண். புரிந்தது மட்டும் ஒன்றுமில்லை.

நம் பள்ளிகளில் பாடம் முடிந்ததும் கேட்கப்படும் வினாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, ஓரிரு சொற்களில் விடை தருக என்று எதைக் கேட்டாலும் பாடத்தின் வரியை அப்படியே வெட்டி எடுத்து வைத்தால் போதும். அந்த வரியைத் தேடும் வேலைகூட மிச்சமாகட்டும் என்று ‘புக் பேக்’ விடைகளைப் பாடப்புத்தகத்திலேயே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுகிறோம். மேல் வகுப்புக்குப் போனால் கையேடு இருக்கிறது, நோட்ஸ் இருக்கிறது. பிள்ளை வாசித்ததா, வாசித்தது புரிந்ததா, புரிந்ததைப் பற்றி அதற்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்வியை ஓயாமல் கேட்கிறோம். மற்ற இரண்டையும் பற்றி இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, அது நம் மொழிக்கும் நம் வகுப்பறைக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரிதலைப் படித்து முடித்த பிறகு சோதித்துப் பார்த்துப் பயனில்லை. படிக்கும்போதே, பேச்சின் வழியாக, அதை உண்டாக்க வேண்டும். நம் பள்ளிகளில் அதற்கென்று ஒதுக்கிய நேரம் அநேகமாக இல்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் டோலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை மொத்தம் 4,469 நிமிடங்கள் உட்கார்ந்து கவனித்தார். 1978-79இல் வெளியான அவருடைய கட்டுரை ஆசிரியர் உலகத்தை உலுக்கியது. எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்கச் செலவானது அவ்வளவு நேரத்தில் வெறும் 20 நிமிடம். மற்ற நேரத்தில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், விடையைத் திருத்தினார்கள். புரிந்ததா என்று சோதித்தார்களே தவிர, புரிந்துகொள்ளும் வழியைக் காட்டவில்லை. இதற்குப் பிறகுதான் அங்கே ஆராய்ச்சி இந்தப் பக்கம் திரும்பியது.

நமக்கும் அப்படி ஓர் அதிர்ச்சி வந்தது. ஆனால் அது சீக்கிரமே மறந்துபோயிற்று. 15 வயதுப் பிள்ளைகளுக்கான பன்னாட்டுத் தேர்வான பிசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பாடப்புத்தகத்திலிருந்து எதையும் கேட்காத தேர்வு அது. முன்பின் பார்த்திராத ஒரு பத்தியையோ அட்டவணையையோ அறிவிப்பையோ கொடுத்து, அதை வைத்து யோசிக்கச் சொல்லும். வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. வளர்ந்த நாடுகளின் சராசரி 490ஐத் தாண்டியிருந்தது. அடிப்படை நிலையையாவது எட்டியவர்கள் அங்கே 81 விழுக்காடு, இங்கே 17 விழுக்காடு. வினாக்கள் நம் சூழலுக்கு அந்நியமானவை என்று சொல்லப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. பிறகு வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் கொண்டாடும் மாநிலத்தில், தெரியாத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள் என்பதுதான் அந்தத் தேர்வு காட்டிய செய்தி. அதை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

கீழ் வகுப்புகளின் நிலவரத்தைச் சொல்வது அசர் ஆய்வு. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் வீடுவீடாகப் போய் நடத்திவருகிறது. இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறு கதையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிறார்கள்? நாடு முழுவதற்கும் சேர்த்து 2018இல் 50.5 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 42.8, 2024இல் 48.8. இந்த எண்கள் அளப்பது உரக்க வாசிக்கும் திறனை மட்டும். சரளமாக வாசித்த அந்தப் பாதிப் பேருக்கும் கதை புரிந்ததா என்பது வேறு கணக்கு.

புரிதல் எப்படி நிகழ்கிறது என்பதற்கு பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் ஓர் எளிய வாய்பாடு தந்தார்கள். எழுத்தை ஒலியாக்கிச் சொல்லை அறியும் திறனையும், காதால் கேட்டால் பொருள் விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். கூட்டல் என்று நினைத்துக்கொண்டு, ‘எழுத்தை முதலில் பிடிக்கட்டும், பொருள் தானாக வரும்’ என்று இருந்துவிடுகிறோம். தானாக வருவதில்லை.

எழுத்துப் பக்கத்திலேயே நமக்கு வேலை அதிகம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247. ‘கானாவுக்குத் துணைக்கால் போட்டா கா’ என்று ஆரம்பித்து ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சுழி எல்லாம் கடந்து வருவதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கன்னடப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்த சொனாலி நாக், இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துகளைக் கற்பது நான்காம் ஐந்தாம் வகுப்பு வரைகூட நீள்வதைக் காட்டியிருக்கிறார். தமிழுக்குக் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. ‘கடல்’, ‘அங்கே’, ‘பகல்’ என்ற மூன்றிலும் ககரத்தின் ஒலி மூன்று விதம். எது எங்கே என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்வது சிறுபிள்ளைக்குக் கடினம். அந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்து பழகியிருந்தால் சட்டென்று வந்துவிடும். ஆக, பொருள் தெரிவது எழுத்தை ஒலிப்பதற்கே உதவி செய்கிறது. எழுத்து முடிந்தபின் பொருள் என்று வரிசை வைப்பது தமிழுக்கு இன்னும் பொருந்தாது.

அடுத்தது சொல்லின் நீளம். ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளோடு வாசிக்கவேண்டும் என்று இலக்கு வைக்கிறது. இந்தியில் ‘பேட் ஸே’ என்று இரண்டு சொல்லாக எண்ணப்படுவது தமிழில் ‘மரத்திலிருந்து’ என்ற ஒரே சொல். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்’ என்பதும் கணக்குக்கு ஒன்றுதான். எல்லா மொழிக்கும் ஒரே கடிகாரத்தை வைத்து ஓட்டினால், தமிழ்ப் பிள்ளை வேகத்துக்காகப் பொருளைக் கைவிட்டு ஓடப் பழகிவிடும். பொருளோடு என்ற நிபந்தனை ஏட்டில் இருக்கிறது. கடிகாரம் அளப்பது வேகத்தை மட்டுமே.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பைத் தனியே கவனிக்கவேண்டும். இதைப் பாருங்கள்: “சந்தையில் தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போன சிறுவனின் அக்கா அழுதாள்.” அழுதது யார் என்று கேட்டால் சில பிள்ளைகள் சிறுவன் என்பார்கள், தொலைந்தது எது என்று கேட்டாலும் சில பிள்ளைகள் சிறுவன் என்பார்கள். பெயரெச்சங்கள் முன்னால் அடுக்கி வர, வினை கடைசியில் வந்து உட்காருகிறது. அதுவரை எல்லாவற்றையும் மனசில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டைத் தேடிப் போனது சிறுவனா, அக்காவா? உற்றுப் பார்த்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. நான்காம் வகுப்பில் இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, நான்கு பிள்ளைகளை எழுப்பி, ஒருவரை ஆடாகவும் ஒருவரை அக்காவாகவும் நிறுத்தி நடிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் அவர்களுக்கே இரண்டு பொருளும் தட்டுப்படும். பெயரெச்சம் என்ற பெயரைச் சொல்லி இலக்கணக்குறிப்பு எழுதவைப்பது அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிறது. 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் விளக்கிய இரட்டை வழக்குக்குத் தமிழ் நல்ல எடுத்துக்காட்டு. வீட்டில் ‘வந்துட்டிருந்தாங்க’, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’. பள்ளிக்குள் நுழையும் பிள்ளை எழுத்தோடு சேர்த்து இன்னொரு தமிழையும் கற்கிறது. ஆனால் அதை நாம் அதற்குச் சொல்வதில்லை. ‘தாய்மொழிதானே’ என்று விட்டுவிடுகிறோம். பழங்குடிப் பிள்ளைகளுக்கும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் எல்லை மாவட்டப் பிள்ளைகளுக்கும் இந்தத் தூரம் இன்னும் கூடுதல். எழுத்துத் தமிழ் காதில் விழ நல்ல வழி, பெரியவர்கள் நல்ல கதைகளை உரக்க வாசித்துக் காட்டுவதுதான். குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா 1930களின் தொடக்கத்தில் எழுதிய நூல் ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் லட்சுமிராம் வகுப்பை ஆரம்பிப்பதே கதை சொல்லித்தான். கட்டுக்கடங்காத பிள்ளைகள் கதைக்கு அடங்குகிறார்கள், பிறகு புத்தகத்தைத் தாமே தேடிப் போகிறார்கள். மேலதிகாரிகளுக்கு அது பாடம் நடத்துவதாகத் தெரியவில்லை. இன்றும் ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் கதை வாசித்துக்கொண்டிருக்கும்போது பார்வையாளர் உள்ளே வந்தால், புத்தகத்தை மூடிவிட்டுச் சாக்பீஸைக் கையில் எடுக்கத்தான் தோன்றும்.

சொல்லும் வாக்கியமும் விளங்கினாலும் போதாது. “வானம் இருட்டியதும் அம்மா களத்துமேட்டுக்கு ஓடினாள்” என்று ஒரு கதை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் எளிய சொற்கள். அம்மா ஏன் ஓடினாள் என்று கதையில் சொல்லப்படவில்லை. களத்தில் காயும் நெல்லையோ மிளகாயையோ மழைக்கு முன்னால் வாரிக் குவித்து மூடவேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு வரியிலேயே பதற்றம் தொற்றிக்கொள்ளும். வடசென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் வரி. புத்தகம் சொல்லாமல் விடுவதை வாசகர் தன் அறிவிலிருந்து எடுத்து நிரப்புகிறார். அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988இல் இதை அழகாகக் காட்டினார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியை 64 மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமானவர்கள் என்று மதிப்பிடப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டு விவரித்தார்கள். ‘மட்டமான வாசகர்’ என்று யாரையும் முத்திரை குத்துவதற்கு முன் எதைப் பற்றி வாசிக்கக் கொடுத்தோம் என்று கேட்கவேண்டும். அறிவியல், வரலாறு, ஊர் நடப்பு எல்லாம் குறைத்துவிட்டு எழுத்தும் எண்ணும் மட்டும் போதும் என்று தொடக்க வகுப்புகளை ஒடுக்குவது வாசிப்பையே பின்னால் பாதிக்கும்.

தனக்குப் புரியவில்லை என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. எலன் மார்க்மன் 1979இல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ஒரு கட்டுரையில், கடலின் அடியாழத்தில் வெளிச்சமே கிடையாது என்று ஒரு வரி வரும். சற்றுத் தள்ளி, அங்குள்ள மீன்கள் தங்கள் இரையை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கின்றன என்று வரும். இருட்டில் நிறம் எப்படித் தெரியும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில்கூடப் பலர் கேட்கவில்லை. அச்சில் வந்தது, ஆசிரியர் வாசித்தது, ஆகவே சரி. நம் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று கூட்டாக வரும் பதிலை நினைத்துப் பார்த்தால், இந்த ஆய்வை இங்கே நடத்தினாலும் என்ன வரும் என்று ஊகிக்கலாம். ‘எது புரியல?’ என்று கேட்டுப் பார்க்கலாம். அதைவிட நல்லது, ஆசிரியரே ஒரு வரியில் நின்று, ‘எனக்கு இந்த இடம் இடிக்குதே, நீங்க சொல்லுங்க’ என்பது. பெரியவர்களுக்கும் புரியாமல் போகும், அப்போது அவர்கள் திரும்பிப் போய் வாசிப்பார்கள் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும்.

இதையே முறையாக்கியவர்கள் பாலின்சரும் ஆன் பிரவுனும். எழுத்தைச் சரியாக வாசித்தும் புரிதலில் பின்தங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். ஒரு பத்தியை வாசித்ததும் சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, விளங்காத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராக இருந்து நடத்துவார்கள். 1984இல் வெளியான முடிவுகள் நல்ல முன்னேற்றத்தைக் காட்டின. இந்த முறை பரவியபோது நான்கு வேலைகளும் நான்கு பயிற்சித்தாள்களாக மாறிப்போனதும் உண்டு. உத்திகளைச் சில வாரங்கள் கற்பித்தால் போதும், ஆண்டுக்கணக்கில் தேய்ப்பதால் கூடுதல் பயனில்லை என்று உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் எச்சரித்தது சரி என்றே நினைக்கிறேன். ஊகிப்பது எப்படி என்று ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுப்பதைவிட, ஊகிக்கத் தூண்டும் கதைகளை ஆண்டு முழுக்கக் கொடுப்பது மேல்.

பிள்ளைகளே ஆசிரியராகும் இந்த முறையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அதன் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறைக்கு ஒரு கணக்கு தருகிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் படிப்பவர்களோடு கலந்து பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. மனப்பாடத்தை நம் மரபு என்று சொல்லி நியாயப்படுத்துகிறவர்கள் இந்தச் சூத்திரத்தை விட்டுவிடுகிறார்கள். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து இருந்தன என்பதும், ஒருவர் கொண்ட பொருளை இன்னொருவர் மறுத்து எழுதினார் என்பதும் அதே மரபுதான். படித்ததற்கு எதிர்வினை தருவது தமிழுக்குப் புதிதில்லை. பிள்ளைகளுக்குத்தான் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை.

பிறருக்கு எடுத்துச் சொல்லும் அந்த அரைப்பங்கை வீட்டிலேயே பெறமுடியும். பள்ளியில் வாசித்த கதையை எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கோ அப்பத்தாவுக்கோ பிள்ளை சொல்லும்போது என்ன நடக்கிறது என்று யோசித்தால் இதன் அருமை தெரியும். புத்தக வாக்கியத்தை ஒப்பித்தால் அப்பத்தா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதை ‘வந்துட்டிருந்தாங்க’ ஆக்கியே தீரவேண்டும். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். ‘ஏன்டா அவ அப்படிப் பண்ணுனா?’ என்று நடுவில் கேட்டால், கதைக்குள் திரும்பிப் போய் காரணம் தேடவேண்டும். சொல்லத் தெரியாத இடத்தில் பிள்ளைக்கே தன் புரிதலின் ஓட்டை தெரிந்துவிடும். எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்குக் கதையைக் கொண்டுவருவதைவிடச் சிறந்த பயிற்சி எந்தப் பயிற்சித்தாளிலும் கிடையாது. படிக்காத பெற்றோர் பிள்ளையின் வாசிப்புக்கு உதவமுடியாது என்று நாம் நம்பவைத்திருக்கிறோம். கேட்டுக்கொள்ளும் காது இருந்தால் போதும், அவர்களால் உதவமுடியும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் நேரத்தில் இந்த ஒன்றைச் சொல்லலாம்.

இனி, எதிர்வினை. லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் எழுதிய நூலிலும், பின்னர் 1978இல் எழுதியதிலும் ஒரே கருத்தை வலியுறுத்தினார். பொருள் புத்தகத்துக்குள் மூடிவைக்கப்பட்டிருக்கும் சரக்கு அல்ல. எழுத்தும் வாசகரும் சந்திக்கும்போது உண்டாவது. மருந்துச் சீட்டை வாசிப்பது தகவலுக்காக. கதையை வாசிப்பது அதற்குள் வாழ்ந்து பார்க்க. கதையைக் கொடுத்துவிட்டுத் தகவல் கேட்பது பெரும் பிசகு என்றார். நம்மிடம் அந்தப் பிசகோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ நீதி ஒரே வரியில், முன்கூட்டியே, கதைக்குக் கீழே அச்சாகியிருக்கும். அதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதற்குமேல் பிள்ளைக்குத் தோன்றிய எதற்கும் இடமில்லை.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். ஏமாறாதே, புகழ்ச்சிக்கு மயங்காதே என்று நீதி சொல்லி முடிக்கும் கதை. நீதியைக் கேட்காமல் ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று மூன்றாம் வகுப்பில் கேட்டால் எங்கும் இப்படி ஒரு பேச்சு எழக்கூடும்.

“நரி செஞ்சது சரிதான் டீச்சர். காக்காவே அத திருடிட்டு வந்துச்சு.”

“திருடுச்சுன்னு கதையில எங்கப்பா வருது?”

“பாட்டி அந்தப் பக்கம் திரும்புனப்ப தூக்கிட்டுப் போச்சுன்னு இருக்கே.”

“நரியும்தான் கெட்டது. அது பொய் சொல்லுச்சு. காக்கா குரல் நல்லாவா இருக்கும்?”

“எல்லாரும் காக்காவயும் நரியவும் பேசுறீங்க. அந்த வடைக்கு பாட்டிக்கு யாரு காசு குடுப்பா?”

கடைசிக் கேள்வி, அம்மா இட்லிக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையிடமிருந்து வரும். உரைநூல் எழுதுகிறவருக்கு வராது. இங்கே ஆசிரியர் செய்தது ஒன்றே ஒன்று: ‘கதையில எங்க வருது?’ என்று கேட்டது. எதிர்வினைக்கு மதிப்பளிப்பது என்றால் எதைச் சொன்னாலும் ‘சூப்பர்’ என்று கைதட்டுவதல்ல. தோன்றியதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் உள்ள தொடர்பைக் காட்டச் சொல்வது. காட்டமுடியாதபோது பிள்ளை தானே தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும், அல்லது இன்னொரு பிள்ளை திருத்தும். பிரிட்டனில் எய்டன் சேம்பர்ஸ் பரப்பிய முறையும் இந்த எளிமையுடையதே. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எது திரும்பத் திரும்ப வந்தது என்ற நான்கு கேள்விகளிலிருந்து பேச்சு தானாக விரியும். எதற்கும் விடைக்குறிப்பு எழுதிவைக்க முடியாது. ‘ஏன்’ என்று எடுத்ததும் குறுக்கு விசாரணை செய்யாமல், ‘சொல்லு’ என்று இடம்கொடுப்பதே அந்த முறையின் உயிர்.

படம் வரைவது, முகமூடி செய்வது, நாடகம் போடுவது எல்லாம் எதிர்வினையின் வடிவங்கள்தான். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேச்சைவிடப் படம் எளிது. ஆனால் பேச்சு நடக்காமல் நேரே வண்ணம் தீட்டலுக்குப் போனால் அது கைவேலை. கதையில் வராத ரோஜாப்பூவை வரைந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் ‘இது எந்த இடம்?’ என்று கேட்காமல் சுவரில் ஒட்டிவிடுகிறோம். கண்காட்சிக்கு ஆகும், புரிதலுக்கு ஆகாது.

தமிழ்நாட்டில் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளை அவரவர் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்கவைத்தது. அடித்துச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தைப் பல வகுப்புகளில் குறைத்ததற்காகவே அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் ஒரே கதையை எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பேசும் வட்டம் அட்டை முறையில் சுருங்கியது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, கதை, பாடல், பொம்மலாட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. பாடநூல்களில் ‘கற்பவை கற்றபின்’ என்றும் ‘சிந்தனை வினா’ என்றும் பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் சில கேள்விகள் உண்மையிலேயே அருமையானவை. சிந்தனை வினாவுக்கும் கையேட்டில் விடை அச்சாகி, அதையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதுதான் வேதனை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2023இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம். கீழே நீதி இல்லை, பின்னால் பயிற்சி இல்லை. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் பள்ளிக்கே வருகின்றன. தேன்சிட்டில் பிள்ளைகள் எழுதியதும் அச்சாகிறது. இதற்கு வெளியே, 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர், சென்னையிலிருந்து தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல்கள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகள் என்று இன்று சரக்குக்குப் பஞ்சமில்லை. உதயசங்கர், யூமா வாசுகி போன்றவர்கள் பிள்ளைகளை மதித்து எழுதுகிறார்கள். பல பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையின் பீரோவில் எண் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. கிழிந்தால் யார் பொறுப்பு என்ற கணக்கு. கிழியும் புத்தகத்தைத் தேய்மானமாக எழுதித் தள்ள ஓர் அரசாணை வந்தால் பீரோக்கள் திறந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியரைக் குறைசொல்லி இதை முடிக்க முடியாது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள், எமிஸ் இணையதளத்தில் விவரப் பதிவு, அவ்வப்போது வரும் கணக்கெடுப்பு வேலை என்று இருப்பவரிடம் இன்னொரு சுமையை ஏற்ற யாருக்கும் உரிமையில்லை. இருக்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2012இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. எழுத்துத் தேர்வுக்கு வெளியே பிள்ளையின் கற்றலைப் பார்ப்பதற்காக. அது நாளடைவில் படம் ஒட்டிய ஆல்பங்களாகவும் கடையில் வாங்கிய சார்ட்டுகளாகவும் ஆகிவிட்டது. பெரும்பாலும் அம்மாக்களின் கைவண்ணம். அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம். பிள்ளை முன்பு வாசித்திராத ஒரு பக்கக் கதையைத் தனியாக வாசிக்கட்டும். பிறகு தன் பேச்சுத் தமிழில் அதைச் சொல்லட்டும். கதையைப் பற்றித் தனக்குத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்கட்டும். யார், என்ன செய்தார், ஏன் என்பது சொன்னதில் இருந்ததா? கேட்டபோது வரியைக் காட்ட முடிந்ததா? கேள்வி கதையிலிருந்து பிறந்ததா? ஆசிரியர் குறிக்கவேண்டியது இந்த மூன்றை மட்டும். வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம் வீதம் ஒன்றரை மணி நேரம். ஒரு பருவத்தில் இரண்டு அல்லது மூன்று பாடவேளை.